பெண்கள் பக்கத்துக் காது

தருவைப்பட்டணத்தில் களவையும் கொலையையும் ஒரு நாய் துலக்கிக்கொண்டிருந்த காலத்தில், அந்த நாய்க்கு யாரும் சோறு வைக்க வேண்டியிருக்கவில்லை, சங்கிலி போட வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் அது மையால் வரைந்த நாய். சந்தனமாரி டாக்கீஸின் திரையில், விளம்பர சிலைடுகள் முடிந்து பெரிய படம் தொடங்குவதற்கு முன்னால், ஒரு டீ ஆறுகிற நேரம் மட்டும் அது உயிரோடிருக்கும்.

அந்தத் துண்டுப்படம் ஏதோ ஒரு படப்பெட்டியோடு தவறி வந்தது. திருப்பிக் கேட்டு யாரும் ஆள் அனுப்பவில்லை, ஆபரேட்டர் சூசைமரியானும் திருப்பி அனுப்பவில்லை, எந்தப் படம் ஓடினாலும் அதற்கு முன்னால் அதையும் ஓட்டினார். துப்பறியும் கதைகளைக் கேலி செய்து வெளிநாட்டில் யாரோ வரைந்த பொம்மைப்படம் அது. மலை உச்சியில் ஒரு பங்களா, ஓயாத இடி மின்னல், சாப்பாட்டு மேசையில் ஒரு பணக்காரப் பன்றி. விளக்கு அணைந்து எரியும். பன்றியின் முதுகில் ஒரு கத்தி நிற்கும். மறுபடி அணைந்து எரியும். இன்னொரு கத்தி நிற்கும், அதோடு யாரோ பன்றியின் கழுத்தில் மரியாதையாக ஒரு துவாலையும் கட்டிவிட்டிருப்பார்கள். தொப்பியும் நீளக்கோட்டும் போட்ட தடித்த நாய் ஒன்று வந்து நாற்காலியை விசாரிக்கும், கடிகாரத்தைக் கன்னத்தில் அறையும், கடைசியில் பிணத்திடமே சாட்சி கேட்கும். பிணம் ஒரு கண்ணை மட்டும் திறந்து தனக்கு ஒன்றும் தெரியாது என்று தலையாட்டும். பிறகு நாய் சனங்கள் பக்கம் திரும்பி, எல்லாரையும் ஒரு முறை பார்த்து, விரலை நீட்டும். பிணம் பெரிதாக ஒரு தும்மல் போட்டு எழுந்து உட்காரும். திரை இருட்டாகும். ஊர் சிரிக்கும்.

நாய்க்கு ஒரு காது பாதி அறுந்திருக்கும். டாக்கீஸின் நடுவே இடுப்பளவு சுவர் ஒன்று திரையிலிருந்து பின்வரிசை வரை ஓடியது, சுவருக்கு இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். அறுந்த காது பெண்கள் பக்கத்துக் காது. இதைத் தெரியாதவர் ஊரில் இல்லை. பஸ் நிறுத்தத்து டீக்கடை மாசானம் தன் கடைச்சுவரில் அந்த நாயை ஆளுயரத்துக்கு வரைந்து வைத்திருந்தார், தொப்பியோடு, கோட்டோடு, பெண்கள் பக்கத்துக் காதைப் பாதியாக விட்டு.

படத்தில் இருக்கும் விரல் பார்க்கிறவர் எல்லாரையும் காட்டும், எங்கே நகர்ந்து உட்கார்ந்தாலும் நம்மையே காட்டும், கேலண்டர் சாமியின் கண்ணைப் போல. அதனால் அந்த விரலை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஒரு சித்திரை மாதத்து முதலாட்டத்தில், கீழத்தெருவில் ஒரு வெள்ளாட்டுக் கிடா காணாமல் போயிருந்த சமயத்தில், நாய் விரலை நீட்டியபோது அது யாரையும் காட்டவில்லை, ஒரே ஒருவரைத் தவிர. திரையிலிருந்து கிளம்பிய வெளிச்சம் உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கித் தலைகளைத் தாண்டிப் போய், பெஞ்சில் உட்கார்ந்திருந்த வண்டிக்காரர் ஒருவரின் நெஞ்சில் நின்றது. அவர் எழுந்தார்.

"ஆமா. கிடா எங்கிட்டதான் நிக்கி. காலைல அவுத்து விடுதேன்" என்றார். பிறகு உட்கார்ந்து படத்தைப் பார்த்தார்.

ஊர் அதற்குப் பழகிக்கொள்ள அதிகம் சிரமப்படவில்லை. வெளிச்சம் விழுந்தவன் மீதிப் படத்தைப் பார்க்கலாமா என்பதுதான் டீக்கடையில் நடந்த முதல் வழக்கு. பார்க்கலாம், ஆனால் இடைவேளையில் முறுக்கு வாங்கக்கூடாது என்று முடிவாயிற்று. ஏட்டையா பலவேசம் சந்தேகப்பட்டவர்களை லத்தியால் அடிப்பதை நிறுத்திவிட்டு, தரை டிக்கெட் எடுத்து உட்காரச் சொன்னார், தாமும் பக்கத்தில் உட்கார்ந்து பனங்கிழங்கு தின்றார். மனைவிமார் கணவன்மாரையும், மாமியார்கள் மருமகள்களையும், கூட்டுக்கு வலை போட்டவர்கள் கூட்டாளிகளையும் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். வெளிச்சம் ஊடுருவாத சட்டை என்று இரட்டைத் துணியில் தைத்து விற்றார் ஒரு தையல்காரர். அதை வாங்கினவர்களை எல்லாம் ஏட்டையா முகம் பார்த்து வைத்துக்கொண்டார். ஊரில் களவு குறைந்தது. கூட்டம் வராத படத்துக்கும் கூட்டம் வந்தது. நாய் காட்டிய ஒருவர்கூட, நான் இல்லை என்று சொன்னதில்லை. எழுந்து நிற்பார்கள், ஆமாம் என்பார்கள், சிலர் அழுவார்கள், அழுகிறவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் வெற்றிலை கொடுப்பார்.

வெளிச்சம் தரையில் விழுந்தது, பெஞ்சில் விழுந்தது. ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் மட்டும் அது விழுந்ததில்லை. உப்பளக்காரர்கள், பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர், ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் முதலானோர் உட்காரும் இடம் அது. அதில் நடுச்சுவரை ஒட்டிய முதல் நாற்காலி பரமார்த்தலிங்கம் முதலாளியுடையது, டாக்கீஸும் அவருடையதுதான், ஊருக்குக் கிழக்கே கடல் வரை கிடக்கும் உப்பளமும் அவருடையதுதான்.

"வெளிச்சத்துக்கும் ஒரு எட்டுதூரம் உண்டும்லா" என்று கம்பவுண்டர் ஒரு நாள் எல்லார் காதிலும் விழும்படி விளக்கம் சொன்னார். "அதுக்கு மேல அது போவாது."

"அது இல்ல அண்ணாச்சி" என்று தரையிலிருந்து ஒரு குரல் வந்தது. "நாற்காலிக்கு டிக்கெட் எடுக்க நாய்கிட்ட வசதி இல்ல."

தரை முழுவதும் சிரித்தது. நாற்காலியில் முதலாளியும் சிரித்தார். அந்தக் குரல் ஐகோர்ட்துரையுடையது.

குலதெய்வத்தின் பெயரை வைத்திருந்தார்களே தவிர, ஐகோர்ட்துரை எந்தக் கோர்ட்டின் படியும் ஏறியதில்லை. உப்பளத்தில் வாருபலகை பிடித்து உப்பு வாருகிறவன். அவன் மனைவி முத்துப்பேச்சி, அவன் வாரிப் போட்டதை ஓலைக் கடவத்தில் சுமந்து உப்பு அம்பாரத்தில் கொட்டுகிறவள். அவர்களுக்குப் பவளம் என்று ஒரு பெண்குழந்தை. உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் விடிந்ததிலிருந்து முழங்கால் வரை உப்புநீரில் நிற்பார்கள், மேலே வெயில், கீழே வெள்ளை, கண் கூசிக் கூசிப் பாதி வயதில் பார்வை மங்கிவிடும். இத்தனை தண்ணீரில் குடிக்க ஒரு வாய் இருக்காது. குடிநீர் வண்டி வந்தால் வரும், வராவிட்டால் வராது. அளத்தில் ஒரு குடிதண்ணீர்த் தொட்டி கட்டித் தந்தால்தான் பாத்தியில் இறங்குவோம் என்று ஐகோர்ட்துரை சொன்னான், சொன்னதோடு நிற்காமல் வாருபலகையைக் குப்புறப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தான், அவனைப் பார்த்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். அன்று சாயங்காலம் முதலாளியிடமிருந்து ஆள் வந்தது, தண்ணீர் விஷயமாகப் பேசலாம், மோட்டார் கொட்டகைக்கு வரச் சொன்னார் என்று. துவைத்த சட்டை போட்டுக்கொண்டு அவன் போனதை முத்துப்பேச்சி வாசலில் நின்று பார்த்தாள்.

காலையில் அவன், கடல்நீரைத் தேக்கி வைக்கும் குழியில் குப்புறக் கிடந்தான். பின்மண்டையில் வாருபலகையின் அகலத்துக்கு ஒரு பிளவு இருந்தது. சட்டையில் உப்புப் பூத்திருந்தது.

"மொதலாளி கூப்பிட்டுதான் போனாவ" என்றாள் முத்துப்பேச்சி ஏட்டையாவிடம்.

பலவேசம் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "நீ சொல்லுத, நான் கேட்டுக்கிட்டேன். ஆனா அதை நாய் சொல்லட்டும் தாயி. நீ சொன்னதா இருக்கப்பிடாது."

"சொல்லும்" என்றாள் அவள். "நாய் சொல்லும் ஏட்டையா. படத்தைப் போடச் சொல்லுங்க. நானும் வாரேன்."

புருஷனைப் பறிகொடுத்த வீட்டுக்காரி துட்டி கழியாமல் படிதாண்டக்கூடாது என்பது ஊரின் வழக்கம், படம் பார்க்கப் போவது பற்றி வழக்கமே இல்லை, ஏனென்றால் அப்படி ஒருத்தி போவாள் என்று யாரும் நினைத்ததில்லை. பெரியவர்கள் பேசி ஒரு வழி கண்டார்கள். அவள் வரலாம், ஆனால் மற்றப் பெண்களின் முன்னால் உட்காரக்கூடாது, யாரும் அவள் முகத்தில் முழிக்கும்படி இருக்கக்கூடாது. அதனால் பெண்கள் பக்கத்தில் எல்லாருக்கும் பின்னால், கடைசி பெஞ்சில், நடுச்சுவரை ஒட்டி, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முத்துப்பேச்சி உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், பரமார்த்தலிங்கம் முதலாளி தன் வழக்கமான நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். வராமல் இருந்திருக்கலாம், ஆனால் ஊரே உள்ளே இருக்கும்போது வெளியே இருப்பவரை வெளிச்சம் தேட வேண்டியதில்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

நாய் திரும்பி விரல் நீட்டுகிற அந்தப் பகுதி, ஒருமுறை பார்த்தது போதாமல் ஊர் திரும்பத் திரும்பப் போடச் சொன்னதில் நைந்து போயிருந்தது. அன்று படச்சுருளைச் சுற்றிக்கொண்டிருந்தபோது சரியாக நாய் திரும்புகிற இடத்தில் அது அறுந்தது. கீழே தரை கொள்ளாமல் கூட்டம், ஏன் இன்னும் போடவில்லை என்று சீழ்க்கை. சூசைமரியான் வேர்த்த கையோடு இரண்டு முனைகளையும் சுரண்டி, பசை தடவி ஒட்டி, ஊதி உலர்த்தி, இயந்திரத்தில் மாட்டினார்.

பங்களா வந்தது, இடி இடித்தது, கத்திகள் நின்றன. யாரும் சிரிக்கவில்லை. நாய் சனங்கள் பக்கம் திரும்பியது. திரும்பியதும் ஓசை நின்றுபோயிற்று, இடியும் இல்லை, மழையும் இல்லை, இயந்திரம் ஓடுகிற சத்தம் மட்டும். அந்த அமைதியில் விரல் நீண்டது. வெளிச்சம் தரையைத் தாண்டியது, பெஞ்சுகளைத் தாண்டியது, முதன்முறையாகக் கடைசி வரிசை வரை போனது, போய், முத்துப்பேச்சியின் நெஞ்சில், குழந்தையின் தலைக்கு மேல் நின்றது.

பிணம் எழுந்து உட்கார்ந்தது. தும்மல் கேட்கவில்லை.

"நான் இல்ல" என்றாள் முத்துப்பேச்சி.

நாய் காட்டி இல்லை என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் எழுந்து நின்றாள். பவளம் அம்மாவின் சேலையில் கிடந்த வெளிச்சத்தை விரலால் தொட்டுப் பார்த்தது. அவள் ஏட்டையாவைப் பார்க்கவில்லை, ஊரைப் பார்க்கவில்லை, திரையில் இருந்த நாயைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"ஏய், நல்லாப் பாரு. பக்கத்துல பாரு. பக்கத்துல பாருன்னு சொல்லுதேன்லா!"

மறுபடி போடச் சொன்னார்கள். சூசைமரியான் மறுபடி போட்டார். வெளிச்சம் அதே இடத்தில் நின்றது, ஒரு விரற்கடை நகரவில்லை. ஏட்டையா எழுந்து பெண்கள் பக்கம் போகும்போது, சுவருக்கு அப்பாலிருந்து முதலாளி தாழ்ந்த குரலில் சொன்னார்: "பிள்ளைக்காரி. பாத்துக் கூட்டிட்டுப் போங்க ஏட்டையா."

பவளத்தை வாங்கிக்கொண்டவள் கிருபை, முத்துப்பேச்சியோடு கடவம் சுமக்கிறவள், அடுத்த வீட்டுக்காரி. மறுநாள் காலையில் அளத்துப் பெண்களுக்கு டீ வாங்க அவள் தூக்குவாளியோடு மாசானத்தின் கடைக்கு வந்தபோது குழந்தை இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தது. கம்பவுண்டரும் வேறு சிலரும் பெஞ்சில் இருந்தார்கள். நாய் காட்டி மறுத்தவள் எப்பேர்ப்பட்ட நெஞ்சழுத்தக்காரியாக இருக்க வேண்டும் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"மாசானண்ணே, நாய்க்கு எந்தக் காது அறுந்தது?" என்றாள் கிருபை.

"கண்ணு தெரியலியாட்டி? அந்தா சுவர்ல நிக்கி."

"சுவர்ல பொம்பளைக பக்கத்துக் காது. நேத்துத் திரையில ஆம்பளைக பக்கத்துக் காதுல்லா அறுந்து கெடந்தது."

மாசானம் தூக்கி ஆற்றிய டீ பாதி வழியில் நின்றது.

"நாய் தலையைத் திருப்பியிருக்கும்" என்றார் கம்பவுண்டர்.

"தலையைத் திருப்புனா காது எடம் மாறுமா அண்ணாச்சி? நீங்க கொஞ்சம் திரும்புங்க, பாப்போம்."

யாரோ களுக்கென்று சிரித்து, சிரித்ததை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"தும்மலும் வரல்லியே" என்றாள் அவள் விடாமல்.

"துட்டிக்காரி உக்காந்திருக்கா. பொணத்துக்கும் ஒரு மரியாதை இருக்கும்லாட்டி" என்றார் பெஞ்சில் இருந்த இன்னொருவர். "டீயை வாங்கிட்டுப் போ. புள்ளைக்கு வெயில் படுது."

அவள் போன பிறகு எல்லாரும் டீயைக் குடித்துக்கொண்டே சுவரைப் பார்க்காமல் இருந்தார்கள். தரையிலிருந்த அத்தனை பேரும், பெஞ்சிலிருந்த அத்தனை பேரும், நாற்காலியிலிருந்த அத்தனை பேரும் முந்தின நாள் அந்தக் காதைப் பார்த்தவர்கள்தான்; அவரவர் பார்த்ததை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, அடுத்தவன் பார்க்கவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். இப்போது ஒருத்தி அதைத் தெருவில் போட்டுவிட்டாள். போட்டதை எடுத்தால் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று ஊர் ஒரு பகல் முழுவதும் யோசித்தது. எடுத்தால் இடம் வலமாக மாறிய படச்சுருளைத் திருப்ப வேண்டும், திருப்பினால் வெளிச்சம் சுவரைத் தாண்டி விழும், விழுந்தால் முதலாளியின் அளத்தில் மறுநாள் யார் பாத்தியில் இறங்குவது, இறங்காவிட்டால் எந்த அடுப்பு எரிவது.

மறுநாள் கிருபை தூக்குவாளியோடு வந்தபோது சுவரில் இருந்த நாய்க்குப் பெண்கள் பக்கத்துக் காது முழுதாக இருந்தது. ஆண்கள் பக்கத்துக் காது பாதியாக இருந்தது. சுண்ணாம்பு இன்னும் காயாமல் கோட்டின் மேல் ஒழுகியிருந்தது. மாசானம் அவளை நிமிர்ந்து பார்க்காமல் தூக்குவாளி நிரம்ப டீயை ஊற்றினார், கேட்டதைவிட அதிகமாக ஊற்றினார்.

ஜில்லாக் கோர்ட்டில் நாயின் சாட்சி செல்லாது என்பது ஏட்டையாவுக்குத் தெரியும். அதனால் ஊரே சாட்சி சொல்லப் போனது. தனி பஸ் பேசிக்கொண்டு போனது. கூண்டில் ஏறிய ஒவ்வொருவரிடமும், நீங்கள் அவளைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள், பார்த்தோம் என்றார்கள். எப்படித் தெரிந்தது என்று கேட்டார்கள். வெளிச்சம் இருந்தது என்றார்கள். நிலா வெளிச்சமா என்று கேட்டதற்கு, வெளிச்சம் என்றார்கள், எழுதிக்கொண்டவர் நிலா என்று எழுதிக்கொண்டார். யாரும் பொய் சொல்லவில்லை என்று திரும்பும் வழியில் பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். முத்துப்பேச்சிக்கு ஆயுள் தண்டனை ஆயிற்று.

அந்த ஆடியில் பரமார்த்தலிங்கம் முதலாளி அளத்தில் ஒரு குடிதண்ணீர்த் தொட்டி கட்டினார். தொட்டியின் நெற்றியில் ஐகோர்ட்துரை நினைவாக என்று சிமெண்டில் எழுதியிருந்தது. ஊரே குடித்தது. தண்ணீர் நன்றாகவே இருந்தது.

கிருபை மாதம் ஒரு முறை பவளத்தைத் தூக்கிக்கொண்டு ஜெயிலுக்குப் போய் வந்தாள். கம்பிக்கு அப்பாலிருந்து முத்துப்பேச்சி ஊரைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டாள், வழக்கைப் பற்றிக் கேட்கமாட்டாள், குழந்தையின் உள்ளங்காலைக் கம்பி வழியாகப் பிடித்துப் பார்ப்பாள், வெடிப்பு இருக்கிறதா என்று. "இவளை உப்புக்கு விட்டிராத கிருபை" என்பாள். மூன்றாவதோ நான்காவதோ முறை போனபோது குழந்தை அம்மாவிடம் போகாமல் கிருபையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. முத்துப்பேச்சி நீட்டிய கையை மடக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் ஊர் திரும்பிய கிருபை வீட்டுக்குப் போகாமல், டாக்கீஸின் பின்பக்கத்து ஏணியில் ஏறி ஆபரேட்டர் அறைக் கதவைத் தட்டினாள்.

சூசைமரியான், மாதா கோயிலுக்கு அவளோடு சேர்ந்து போகிறவர், அவளுக்கு அண்ணன் முறை. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"அண்ணே, அன்னைக்கு ஓசை ஏன் நின்னது?"

அவர் படச்சுருளை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். ஓரத்தில் ஓடிய மெல்லிய கோட்டைக் காட்டினார். "ஓசை இந்த ஓரத்துல ஓடணும். ஒட்டும்போது உள்பக்கம் வெளிப்பக்கமா மாத்தி ஒட்டிட்டேன். இது அந்த ஓரத்துக்குப் போயிட்டு. படம் கண்ணாடியில பாக்க மாதிரி ஆயிட்டு." சுருளைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஓசை நின்னப்பவே எனக்குத் தெரியும் கிருபை."

"திருப்பி ஒட்டுங்க."

"ஒட்டுனா யார் மேல விழும்னு தெரியும்லா?"

"தெரியும். உங்களுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்."

"எல்லாருக்கும் தெரிஞ்சதை எதுக்குத் தங்கச்சி காட்டணும்?"

கிருபை குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "இந்த ஊர்ல எல்லாரும் அந்த நாய் முன்னால போய் உக்காந்து எந்திரிச்சவுக. நீங்க ஒருத்தர்தான் உக்காந்ததில்ல. அதுக்குப் பின்னால நின்னு வெளிச்சம் விடுதீய. உங்க மேல அது விழாது. அந்தத் தைரியம் உங்களுக்கு."

அவள் ஏணியில் இறங்கிப் போய், பெண்கள் பக்கத்தில், குழந்தையோடு, கடைசி பெஞ்சில் சுவரை ஒட்டி உட்கார்ந்தாள். சிலைடுகள் வழக்கத்தைவிட அதிக நேரம் ஓடின. சோப்பு விளம்பரமும் நகைக்கடை விளம்பரமும் இரண்டு தடவை வந்தன. பிறகு பங்களா வந்தது.

நாய் சனங்கள் பக்கம் திரும்பியபோது இடிச் சத்தமும் மழைச் சத்தமும் கூடவே வந்தன. அறுந்த காது பெண்கள் பக்கத்தில் இருந்தது. விரல் நீண்டது, வெளிச்சம் தரையைத் தாண்டி, பெஞ்சுகளைத் தாண்டி, சுவரின் அந்தப் பக்கம் பரமார்த்தலிங்கம் முதலாளியின் வெள்ளைச் சட்டையில் போய் நின்றது. டாக்கீஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவர் ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, கைக்குட்டையை எடுத்து, சட்டையில் தூசு விழுந்ததுபோலத் தட்டினார். வெளிச்சம் போகவில்லை. மறுபடியும் தட்டினார்.

கிருபை எழுந்தாள். "ஏட்டையா, பாத்தீயளா?"

பலவேசம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கையில் பனங்கிழங்கு பாதியில் இருந்தது. "பாத்தேன் தாயி. கேஸ் முடிஞ்சிட்டே. கூண்டுல ஏறிச் சொன்னவுகதான் திரும்பப் போய் மாத்திச் சொல்லணும். நான் ஒருத்தன் சொல்லி என்ன ஆவ?"

"நாளைக்கு முதல் பஸ்ஸுல நான் போறேன்" என்றாள் கிருபை, ஏட்டையாவிடம் அல்ல, இருட்டில் இருந்த எல்லாரிடமும். "யாரு வாரீய? அன்னைக்குப் போனீயள்லா, தனி பஸ் பேசிட்டு. யாரு வாரீய?"

அப்போது பிணம் தும்மியது. எவ்வளவோ நாளுக்குப் பிறகு கேட்ட தும்மல். முதலில் எங்கோ ஒருவர் சிரித்தார், அப்புறம் பெஞ்சு சிரித்தது, தரை சிரித்தது, பழகிய இடத்தில் பழகிய சிரிப்பு வந்துவிட்டது, வந்ததை நிறுத்த யாருக்கும் தெரியவில்லை. திரை இருண்டது, சட்டையில் இருந்த வெளிச்சமும் அணைந்தது.

"படத்தைப் போடுப்பா" என்று ஒரு குரல் கேட்டது. அது நாற்காலியிலிருந்து வரவில்லை. தரையிலிருந்து வந்தது.

மறுநாள் முதல் பஸ் மாசானத்தின் கடை முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றது. டிரைவர் இரண்டு தடவை ஆரன் அடித்தார். கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரின் அடியைப் பார்த்தார்கள். கிருபையும் பவளமும் மட்டும் ஏறி உட்கார்ந்தார்கள், பஸ் போயிற்று. கோர்ட்டில் அவளை ஒரு ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னலுக்கு அனுப்பினார்கள், கடைசி ஜன்னல் பூட்டியிருந்தது.

சூசைமரியானை முதலாளி வேலையிலிருந்து நிறுத்தவில்லை; நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். துண்டுப்படத்தையும் நிறுத்தவில்லை, அதே காரணம்தான். இப்போதும் அது ஓடுகிறது. ஆனால் அன்றைக்குப் பிறகு வெளிச்சம் சுருங்குவதும் இல்லை, ஒருவர் நெஞ்சில் போய் நிற்பதும் இல்லை. நாயின் விரல் மற்றப் படங்களில் இருக்கும் விரலைப் போல ஆகிவிட்டது. தரையில் இருந்து பார்த்தால் தரையில் இருப்பவரைக் காட்டுகிறது, பெஞ்சிலிருந்து பார்த்தால் பெஞ்சில் இருப்பவரை, நாற்காலியிலிருந்து பார்த்தால் நாற்காலியில் இருப்பவரை. எங்கே நகர்ந்து உட்கார்ந்தாலும் நகர்ந்தவரைக் காட்டுகிறது. ஆபரேட்டர் அறைச் சுவரில் இருக்கும் சின்னத் துவாரம் வழியாகப் பார்க்கிற சூசைமரியானையும் அது காட்டுகிறது.

ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. நாய் சனங்கள் பக்கம் திரும்பும் சமயத்தில் டாக்கீஸில் எல்லாரும் ஒரே நேரத்தில் குனிந்து, காலுக்கடியில் செருப்பைத் தேடுவார்கள். செருப்புப் போடாதவர்களும் தேடுவார்கள். ஏட்டையா தேடுவார், மாசானம் தேடுவார், முதலாளி தன் நாற்காலியில் குனிந்து வெகுநேரம் தேடுவார். தும்மல் சத்தம் கேட்டதும் நிமிர்ந்துகொள்வார்கள்.

பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில், சுவரை ஒட்டி, கிருபை மட்டும் குனியாமல் உட்கார்ந்திருப்பாள். அவள் பக்கத்தில் பவளமும் நாயை நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பேச்சு நன்றாக வந்த பிறகு ஒரு நாள், எல்லாத் தலைகளும் தாழ்ந்திருந்த அந்த நேரத்தில், பிணம் தும்மி எழுந்ததைப் பார்த்து அது கேட்டது.

"அத்தே, செத்தவரு எப்படி எந்திரிக்காரு?"

"அவரு படத்துல செத்தவருட்டி" என்றாள் கிருபை. "படத்துல செத்தவுகதான் எந்திரிப்பாவ."

தலைகள் நிமிர்ந்தன. பெரிய படம் தொடங்கியது.